அத்தைக்கு அப்பன்

என்ன தம்பி, அப்பிடிப் பாக்குறீங்க? முன்னாடி பொம்பளைங்க சீட்டுல பச்சைச் சேலை கட்டி ஒக்காந்திருக்கே, அந்தம்மா என்னையப் பாத்து, "யப்பா, டிக்கெட் எடுத்துட்டியா"ன்னு கேட்டுச்சே, அதுக்குத்தான முழிக்கிறீங்க. முழிக்கணும். முழிக்காம இருந்தாத்தான் தப்பு. அதுக்கு வயசு எழுபத்தி நாலு. எனக்கு அம்பத்தொண்ணு. மீசைக்கு மை போட்டா நாப்பத்தஞ்சுன்னுகூடச் சொல்லுவாங்க. ஆனா அது கூப்பிட்டது சரிதான். சட்டப்படி நான் அதுக்கு அப்பன். இன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும்.

டவுன் வரைக்கும் போறீங்களா? அப்ப நாப்பது நிமிசம் இருக்கு, சொல்லிப்புடுறேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அவங்ககிட்டச் சொல்லி என்னா செய்ய.

எல்லாம் அந்த மெர்சி வக்கீலம்மாவால வந்தது. அத மொதல்லயே சொல்லிடுறேன், பெறகு மறந்துருவேன்.

எங்க காலனி நாலுவழிச் சாலைக்குக் கீழ்ப்பக்கம். நாப்பது வீடு. எழுபத்தொண்ணுல, இல்லாதபட்டவங்களுக்குன்னு கவருமெண்டு ஆளுக்கு மூணு சென்டு குடுத்துச்சு. அப்ப அது ஆடுகூட ஒதுங்காத பொட்டல். இப்ப ரோடு வந்ததும் மவுசு வந்துருச்சு. ஆனா நாப்பது வீட்டுப் பட்டாவும் செத்துப்போனவங்க பேர்லதான் கெடந்துச்சு. எவனும் மாத்தல. வீடுதான் நம்மகிட்ட இருக்கே, காகிதம் யாரு பேர்ல இருந்தா என்னான்னு விட்டுட்டோம். மகன் படிப்புக்கு லோன் கேட்டுப் போனா, பத்திரத்தக் காட்டுங்குறான். காட்டுனா, இந்த ஆளக் கூட்டிட்டு வாங்குறான். செத்து முப்பது வருசம் ஆன ஆள எங்கிட்டுப் போயிக் கூட்டியார்றது?

போன சித்திரையில மதுரையிலேருந்து நாலு வக்கீலுங்க ஒரு வேன்ல வந்து எறங்குனாங்க. ஞாயித்துக்கெழமை ஆனா சமுதாயக்கூடத்துல மேசை போட்டு ஒக்காந்துருவாங்க. பட்டா பேர் மாத்துறது, வாரிசு சான்றிதழ், உயில், எல்லாம் ஓசி. பத்துப் பைசா வேணாம். அதுல ஒரு பொண்ணுதான் மெர்சி. முப்பது வயசு இருக்கும். மைக்கப் புடிச்சு, "உங்க தாத்தா ஒழைச்சாரு, அப்பா ஒழைச்சாரு, நீங்களும் ஒழைக்கிறீங்க. ஆனா ஆளுக்கு ஆளு ஒண்ணுமில்லாமத்தான் ஆரம்பிக்கிறீங்க. ஏன்னா முன்னால போனவங்க விட்டுட்டுப் போனது காகிதத்துல உங்ககிட்ட வந்து சேரல"ன்னு பேசுச்சு. நல்லாத்தான் பேசுச்சு. மொத ஆளாக் கை தட்டுனது நான். இப்ப நெனச்சா அந்தக் கைய எங்கயாச்சும் கொண்டுபோயி ஒளிச்சு வச்சுக்கலாம்போல இருக்கு.

காசு வாங்குற வக்கீல்கிட்ட ஒரு வசதி உண்டு தம்பி. நாம சொன்னத எழுதுவாரு. ஓசியில வர்றவங்ககிட்ட அது நடக்காது. எதை வச்சு அதட்டுறது?

மேசையில ஒக்காந்து பட்டாவ நீட்டுனேன். அதுல 'வீரணன், தகப்பனார் பெயர் இருளப்பன்'னு இருக்கு. இது நீங்களான்னு கேட்டுச்சு. என் தாத்தான்னேன். உங்க பேருன்னு கேட்டுச்சு. வீரணன்னேன். அப்பா பேரு? இருளப்பன். அந்தப் பொண்ணு பேனாவ மூடிவச்சுட்டு என்னையப் பாத்துச்சு.

இதுல என்னா அதிசயம் இருக்கு? எங்க பக்கம் தாத்தன் பேரத்தான் பேரனுக்கு விடுறது. தாத்தா வீரணன், அவரு மகன் இருளப்பன், அவரு மகன் நான் வீரணன், என் மகன் இருளப்பன். ரெண்டே பேர வச்சுக்கிட்டு எத்தனையோ தலைமுறை ஓட்டிட்டோம், ஒரு கொறையும் வந்ததில்ல.

"சரிண்ணே, தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னுச்சு. எங்கப்பா ஒருத்தருதாம்மா, அவரும் தவறிட்டாருன்னேன். பின்னாடி வரிசையில நின்ன கோட்டைச்சாமி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "காத்தம்மா இருக்குல்லப்பா"ன்னான். ஆமா, இருக்கு. எங்கப்பாவுக்குத் தங்கச்சி. அந்தா முன்னாடி ஒக்காந்திருக்கே, அதுதான்.

"அப்பப் பாதி உங்க அத்தைக்குண்ணே."

"அதக் கட்டிக்குடுத்து அம்பது வருசம் ஆச்சும்மா."

"கட்டிக்குடுத்தா மக இல்லேன்னு ஆயிருமா?"

"ஆகாது. ஆனா..."

"ஆனா இல்லண்ணே. அவங்களக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர் பேர்லயும் மாத்திருவோம்."

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அத்தையோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை கெடையாது. தாத்தா செத்தன்னிக்கு விட்டது. அது ஒரு சின்ன விசயம் தம்பி. தாத்தா காலையில பத்து மணிக்குப் போயிட்டாரு. அத்தைக்குச் சேதி சொல்ல எங்கப்பா என்னையத்தான் அனுப்பினாரு. எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு. "சாயங்காலமாப் போயிச் சொன்னாப் போதும், அவசரமில்ல"ன்னாரு. அது வந்து மேல விழுந்து அழுதா, பின்னாடியே பங்கும் கேக்கும்னு அவருக்குப் பயம். நாலு மணிக்கு எடுத்துட்டாங்க. நான் அஞ்சரை பஸ்ல போயிச் சொன்னேன். அம்புட்டுத்தான். இத மனசுல வச்சுக்கிட்டு முப்பத்தாறு வருசம் எங்க வாசல மிதிக்கல. புருசனும் போயி, பிள்ளையும் இல்லாம, தீப்பெட்டி ஆபீஸ் பக்கத்துல ஒரு வாடகை ரூம்ல கெடந்துச்சே ஒழிய வரல. பொம்பளைங்க சின்ன விசயத்தப் பெருசாக்கிருவாங்க.

வீட்டுக்கு வந்து பட்டாவையும் என் அடையாள அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். இதுலயும் வீரணன், இருளப்பன் மகன். அதுலயும் வீரணன், இருளப்பன் மகன். காலனியும் அதே காலனி. இதுல என்னத்த மாத்துறது? காகிதம் ஏற்கெனவே என் பேர்லதான இருக்கு? எங்க முன்னோருங்க யோசிக்காமலா பேரு விட்டாங்க?

மறுநாளே டவுனுக்குப் போனேன். தாலுகாபீசுல ஒருத்தரு பழைய ரிஜிஸ்டர எடுத்து வச்சுப் பாத்தாரு. "இந்த வீரணன் நீங்கதானா?"ன்னாரு. "நானேதான் சார்"னேன். "இதுல எழுபத்தொண்ணாம் வருசம் வயசு நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கே"ன்னாரு. அது எனக்குத் தெரியாது. ஆனா வாய விட்டாச்சு. "ஆமா சார், இருக்கும்"னேன். கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தாரு. "அப்ப இப்பத் தொண்ணூத்தாறு"ன்னு சொல்லிட்டு நிமிந்து என்னையப் பாத்தாரு. நான் லேசாக் குனிஞ்சு நின்னேன். "நல்லா இருக்கீங்க பெரியவரே"ன்னாரு. "கம்மங்கூழு சார்"னேன். அட்டையில வேற வயசு இருக்கேன்னாரு. அது தப்பா அடிச்சுட்டாங்க சார்னேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம். 'எழுபத்தொண்ணுல மனை வாங்கிய வீரணன் நானே'ன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டு, டிபன் பாக்ஸத் தொறந்துட்டாரு.

ஒரே நாள்ல வேலை முடிஞ்சுச்சு. வக்கீலும் வேணாம், வாரிசும் வேணாம். அன்னிக்கு வீட்ல கோழி அடிச்சோம்.

அந்தக் காகிதம் சும்மா கெடந்திருந்தா ஒரு தொல்லையும் இல்ல. அது மேசை மேசையா நடந்துச்சு தம்பி. மொதல்ல நூறு நாள் வேலையில கை வச்சுச்சு. கண்மாயில மம்பட்டியத் தூக்குனா, கணக்குப் பாக்குற பொண்ணு ஓடியாந்து புடுங்குது. "தாத்தா, லிஸ்ட்ல உங்களுக்குத் தொண்ணூத்தாறுன்னு வந்துருச்சு. வெயில்ல விழுந்துட்டீங்கன்னா என்னைய உள்ள வச்சுருவாங்க"ங்குது. அது பேரு அழகுராணி. என்கூட ஒண்ணாப்பு படிச்சவன் மக. என்னையத் தாத்தாங்குது. வேப்பமரத்தடியில ஒக்கார வச்சு மோர் குடுத்துச்சு. சம்பளம் இல்ல, மோர் மட்டும்.

பெறகு ஒருநா ஜீப்புல ஆபீசருங்க வந்தாங்க, இந்தப் பக்கத்துலயே மூத்த வாக்காளர் நான்தான்னு சால்வை போட. போட்டோ எடுத்தாங்க. பக்கத்துல நின்ன என் பொஞ்சாதி வேலுத்தாயப் பாத்து, "இவங்க யாரு, பேத்தியா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "சம்சாரம் சார்"னேன். அவரு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு. வெள்ளைக்காரனப் பாத்திருக்கீங்களான்னு இன்னொருத்தரு கேட்டாரு. பாத்திருக்கேன்னேன். எப்பிடி இருந்தாங்கன்னாரு. வெள்ளையா இருந்தாங்கன்னேன். எழுதிக்கிட்டாரு.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். மூணு சென்டு பூராம் நமக்குன்னா ஒரு சால்வையத் தாங்க முடியாதா?

ஆவணி மாசம் ஒரு செவ்வாக்கெழமை. சோறு திங்க ஒக்காந்திருக்கேன், வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு தகரப் பெட்டி எறங்குச்சு. பின்னாடியே அத்தை எறங்குச்சு. முப்பத்தாறு வருசம் கழிச்சு வாசல மிதிக்குது. எனக்குக் கையில இருந்த சோறு கையிலயே நிக்குது. அது நேரா என் முன்னாடி வந்து நின்னு, "யப்பா, நல்லா இருக்கியா?"ன்னுச்சு.

"என்னத்தை, கேலி பண்றியா?"ன்னேன்.

"கேலி என்னப்பா. நீதான எழுதிக் குடுத்திருக்க. வீரணன் நான்தான்னு. வீரணனுக்குப் பொறந்தவ நானு. அப்பன் வீட்டுல வந்து மக இருக்கக் கூடாதா?"

யாரு போயிச் சொன்னதுன்னு நெனைக்கிறீங்க? அந்த மெர்சிதான். நான் போகலேன்னா விட்டுற வேண்டியதுதான? தாலுகாபீசுல என் காகிதத்தப் பாத்துட்டு, அத்தையத் தேடிக் கண்டுபுடிச்சு, அந்த உறுதிமொழிய எதுத்து மனுப் போடலாம்னு போயிச் சொல்லிருக்கு. அத்தை கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சுச்சாம். "மனு எதுக்குத் தாயி, என்கிட்டப் பெட்டி இருக்கு"ன்னு சொல்லிட்டுத் துணிமணிய எடுத்து வைக்க ஆரம்பிச்சிருச்சாம்.

தொரத்தலாம். தொரத்துறதுக்கு, நீ என் மக இல்லேன்னு சொல்லணும். சொன்னா நான் தாத்தா இல்லேன்னு ஆயிரும். நான் தாத்தா இல்லேன்னா உறுதிமொழி பொய். ஜெயிலுன்னு பயம். நான் சோத்தத் தின்னேன்.

வேலுத்தாயிதான் மொதல்ல குதிச்சா. அவளப் பாத்து அத்தை, "ஆத்தா, பசிக்குது"ன்னுச்சு. நாப்பத்தாறு வயசுக்காரிக்கு எழுபத்தி நாலு வயசுல மக. குதிச்சவ சோறு போட அடுப்படிக்குப் போயிட்டா. எங்க மகன் காலேஜுலேருந்து வந்தான். அவன் பேரு இருளப்பன், வீரணன் மகன். அப்ப அத்தைக்கு அவன் யாரு? கூடப் பொறந்த அண்ணன். "அண்ணே, வாண்ணே, வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டியே"ன்னு கன்னத்தத் தடவுது. பய சந்தோசமா, "என்னா தங்கச்சி, சாப்டியா?"ங்குறான். நான் ஒருத்தன்தான் அந்த வீட்ல வெறும் வாய மென்னுக்கிட்டுக் கெடந்தேன்.

மக ஆனதுக்கப்புறம் அதுக்கு வாய் அடங்கல. யப்பா வெத்தலை வாங்கியா. யப்பா எண்ணெய் தீந்துபோச்சு. ஊர்ச்சனம் வேடிக்கை பாக்க வரும்போதெல்லாம் இன்னும் ஒரு சுருதி கூட்டிக் கூப்பிடும். தீவாளிக்குச் சேலை எடுக்கணும்னுச்சு. "அப்பன்னா எடுக்கணும்ல. கட்டிக்குடுத்த மறுவருசம் எங்கப்பனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு முட்டிக்கிச்சு. அப்பறம் ஒரு சேலை கண்டேனா நானு?"ன்னு கேட்டுச்சு. கடையில போயி ஒக்காந்து நூறு சேலைய விரிக்கச் சொல்லி, கடைசியில மொத நான் காட்டுன பச்சையவே எடுத்துச்சு. அந்தா கட்டிருக்கே, அதுதான். நல்லாத்தான இருக்கு? நான் பாத்து எடுத்தது.

கொஞ்ச நாள்ல வேலுத்தாயும் அந்தப் பக்கம் சேந்துட்டா. "மக தலை காஞ்சு கெடக்கு"ன்னு எண்ணெய் வச்சுச் சீவி விடுவா. ரெண்டும் சேந்து என்னையத்தான் பேசும்.

கார்த்திகையில அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்னு விட்டது, மூணாம் நாளு மத்தியானம் கண்ணு சொருகிருச்சு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். ஆசுபத்திரியில நர்சம்மா, "நீங்க இவங்களுக்கு யாரு?"ன்னாங்க. நான் யோசிக்கவே இல்ல தம்பி, "அப்பா"ன்னேன். அந்தம்மா எழுத வந்த பேனாவ அப்பிடியே நிப்பாட்டிட்டு, எனக்கும் காய்ச்சல்னு நெனச்சாங்களோ என்னமோ, ஒரு நாற்காலி போடச் சொன்னாங்க.

கையில குளுக்கோஸ் ஏறுது. அத்தை கண்ண மூடிக்கிட்டே, "யப்பா"ன்னுச்சு. இது கேலிக்குக் கூப்பிட்டது இல்ல. குரலே வேற. "யப்பா, நான் ஓடித்தான் வந்தேன். ஏம்ப்பா எனக்காகச் செத்த நேரம் இருக்கல?"ன்னுச்சு.

அங்க அப்பன்னு எழுதிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கிறது நான்தான? அது கையப் புடிச்சுக்கிட்டு, "இருந்தேன் தாயி. ஒன்னையப் பாக்கணும்னுதான் கெடந்தேன். அந்தப் பேரன் பயதான் லேட்டாச் சொல்லிப்புட்டான். பஸ் ஸ்டாண்டுலயே பூராப் பொழுதும் ஒக்காந்துட்டு, எல்லாம் முடிஞ்சப்பறம் வந்தான்"னேன். அது கண்ணோரம் தண்ணி ஓடுச்சு. எனக்கும்தான். எதுக்கு மறைக்கணும்? அது காதுல விழுந்துச்சா, காய்ச்சல்ல போயிருச்சா, தெரியாது. நான் கேக்கல. அதுவும் சொல்லல.

வீட்டுக்கு வந்துட்டோம். சின்ன விசயம்னு சொன்னேன்ல, அத இப்ப நெனச்சாலும் என்னவோ பண்ணுது. ஞாயித்துக்கெழமை நானே போயி மெர்சி மேசையில ஒக்காந்தேன். "அத்தைக்குப் பாதிய எழுதிரும்மா. அப்பனா இருந்து எழுதித் தாரேன்"னேன்.

அது நெத்தியில கைய வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. "அண்ணே, நீங்க அப்பனா இருந்து எழுதுனா அதுவும் பொய்யிண்ணே. எதுவுமே எழுதித் தர வேணாம். நான் அந்த வீரணன் இல்ல, பேரன்னு உண்மையச் சொல்லுங்க. பாதி தன்னால அவங்களுக்கு வரும். அது அவங்களோடது, நீங்க குடுக்குறது இல்ல. நாமளாப் போயித் திருத்துனா பேசிப் பாக்கலாம், நானும் கூட வாரேன்."

பாத்தீங்களா? குடுக்குறேன்னு வந்தவனையும் குடுக்க விடல. ஓசி வக்கீல்.

அதுதான் இன்னிக்கு. பதினோரு மணிக்குத் தாலுகாபீசு. தாத்தா செத்துட்டாருன்னு இன்னிக்குத்தான் பதியப் போறோம். நான் வீரணன் இல்ல, வேற வீரணன்னு கையெழுத்துப் போடணும். பட்டா ரெண்டு பேர் பேர்லயும் மாறும். அத்தை ஒரு உயிலும் எழுதி வச்சிருக்கு. யாருக்குன்னு கேட்டா மெர்சி சொல்ல மாட்டேங்குது.

ஆபீசரு அத்தையப் பாத்து, "இவரு உங்களுக்கு என்ன வேணும்"னு கேப்பாராம். அண்ணன் மகன்னு சொல்லணும். வாய் தவறி அப்பான்னு கூப்பிட்டுட்டா எல்லாம் மொதல்லேருந்து வருமாம். அதுக்காக நேத்துலேருந்து பழகச் சொல்லிருக்கு மெர்சி. எங்க அத்தை என் பேரச் சொல்லாது, அதோட அப்பன் பேருல்ல. சின்னப் பிள்ளையில என்னையச் 'சின்னவனே'ன்னுதான் கூப்பிடும். காலையில ரெண்டு தடவை கூப்பிட்டுச்சாம். நான் திரும்பலயாம். டிக்கெட் விசயத்துல அதுக்கும் வாய் தவறிருச்சு, நீங்கதான் கேட்டீங்களே.

ஒன்றரை சென்டு போகுதேன்னு வருத்தமான்னு கேக்குறீங்களா? போகுதுதான். நேத்து வரைக்கும் அதுதான் வருத்தம்னு நெனச்சேன். இப்ப டவுன் நெருங்க நெருங்க வேற என்னமோ பண்ணுது தம்பி. மகளா இருந்தா எங்கிட்டுப் போகும், வீட்டுலதான் கெடக்கும். அத்தைன்னா பாதி வீட்டப் பூட்டிட்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போகலாம். நான் எந்த வாயால இருன்னு சொல்ல? அஞ்சரை பஸ்ல போன வாயாலயா?

என்னா, நின்னுருச்சு. தாலுகாபீசா? இன்னும் செத்த தூரம் இருக்குன்னுல்ல நெனச்சேன்.

யாரையோ கூப்பிடுறாங்க. சின்னவனே, எறங்குன்னு. யாரோ எறங்கணும்போல. எந்திரிச்சு வழி விடுங்க தம்பி. என்னையவா? இல்ல, நான் இல்ல. விசில் அடிக்கிறாரு, எறங்குறவங்க சட்டுன்னு எறங்க வேண்டியதுதான.

கேட்டீங்களா? இப்ப என்னா சொல்லிக் கூப்பிட்டுச்சு? யப்பாதான? நல்லாக் கேட்டீங்கள்ல?

இந்தா வந்துட்டேன் தாயி. பாத்து எறங்கு, படி ஒசரமா இருக்கு. நில்லு, நான் வந்து கையப் புடிக்கிறேன்.